பெரியவர்கள் வீட்டில் விழுந்தால்: தூக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

வீட்டில் வயதானவர் விழுந்த சத்தம் கேட்டால் ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து, "தூக்கு, தூக்கு" என்று நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீர், அதன் பிறகு தைலம். எல்லாமே பாசத்தில் செய்வதுதான். ஆனால் விழுந்ததில் பட்ட அடியை இந்த அவசரம் பெரிதாக்கிவிடலாம். விரிசல் மட்டும் விட்டிருந்த எலும்பு இழுத்துத் தூக்கும்போது விலகிப் போகும். பலவீனமான தோள்பட்டை மூட்டு கழன்றுவிடும். கழுத்திலோ முதுகுத்தண்டிலோ அடிபட்டிருந்தால் நரம்புக்கே ஆபத்து. தூக்குகிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் அவரும் படுத்துவிடுவார்.

ஆகவே முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான்: கீழே கிடப்பவரை உடனே எழுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத்தில் மின்கம்பி, நெருப்பு, நிரம்பி வழியும் தண்ணீர், கட்டு அவிழ்ந்த மாடு போன்ற ஆபத்து இல்லாத வரை தரைதான் அப்போதைக்கு அவருக்குப் பாதுகாப்பான இடம். அதற்குக் கீழே விழ வழியில்லை. நீங்கள் நிதானமாகப் பார்க்கலாம், கேட்கலாம், யோசிக்கலாம்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து அடிபட்டு இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகள் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, அஞ்செட்டி பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் பகல் முழுக்க ஒரு ஆயாவும் தாத்தாவும் மட்டும்தான். விழுந்தவருக்கு முதலில் உதவுவது மகனோ மகளோ அல்ல, பக்கத்து வீட்டுக்காரர், பால் ஊற்ற வந்தவர், நூறு நாள் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

முதல் சில நிமிடங்கள்

கிட்டே போகும் முன் அவர் ஏன் விழுந்திருப்பார் என்று ஒரு பார்வை பாருங்கள். ஈரத் தரையில் நீங்களும் வழுக்கி அவர் மேலேயே விழக்கூடாது. மோட்டார் சுவிட்ச், ஹீட்டர், அறுந்த ஒயர் ஏதாவது பக்கத்தில் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது என்றால் வேகமாகத் தள்ளாதீர்கள். அவர் கதவை ஒட்டியே கிடக்கலாம்.

அப்புறம் அவர் முகம் தெரிகிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "ஆயா, நான்தான். அவசரப்படாதே, அப்படியே இரு. எங்க வலிக்குது?" என்று பேரன் பேத்தி கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்றால், "அம்மா, எழுந்திருக்க வேணாம், அப்படியே இருங்க. என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். இப்படிக் கேட்பதில் நிறைய விஷயம் தெரிந்துவிடும். பதில் வருகிறதா, தெளிவாக வருகிறதா, நாக்கு குழறுகிறதா, எப்படி விழுந்தார் என்பது நினைவில் இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, எல்லாம் அந்த ஒரு பதிலிலேயே பிடிபடும்.

இந்த இடத்தில் திட்டவே கூடாது. "உன்னை யாரு அங்க போகச் சொன்னது? சொன்னா கேக்கறியா?" என்று வாய் தானாக வரும், பதற்றத்தில் வருகிற பேச்சுதான் அது. ஆனால் கீழே கிடப்பவர் ஏற்கெனவே கூசிப் போயிருப்பார். சேலை விலகிக் கிடக்கலாம், சிறுநீர் கழிந்திருக்கலாம். முதலில் ஒரு துண்டையோ போர்வையையோ எடுத்து மேலே போர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கொஞ்சம் விலகச் சொல்லுங்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை விழுந்தால் சொல்லவே மாட்டார். "புள்ளைங்ககிட்ட சொல்லிடாதே" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கிற ஆயாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்டதை நான்கு நாள் மறைத்து வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று கீழே சொல்கிறேன்.

பேச்சு இல்லை, தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை என்றால் உடனே 108. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடி பாருங்கள். மூச்சு சாதாரணமாக இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அப்போதுதான் எச்சிலோ வாந்தியோ மூச்சுக்குழாயில் இறங்காது. மூச்சே இல்லை, அல்லது விட்டுவிட்டு இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தால் 108ல் பேசுகிறவரே என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டு வருவார்.

முழு நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர், காபி, சர்க்கரை எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி இல்லாதபோது அது நேராக நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதும் வேண்டாம். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்திவிட்டு, தலைக்கு அடியில் மடித்த துணி வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துவிடுங்கள்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வேண்டாம். டாக்டர் தையல் போடும் முன் அதையெல்லாம் கழுவி எடுக்க வேண்டியிருக்கும், வலியும் அதிகம், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

அசைக்கவே கூடாத நிலைகள்

பேசுகிறார், மூச்சு சரியாக இருக்கிறது. அடுத்து, தலை முதல் கால் வரை மெதுவாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். தலை இடித்ததா? கழுத்து வலிக்கிறதா? கைவிரல், கால்விரல் அசைக்க முடிகிறதா? மரத்துப் போன மாதிரி இருக்கிறதா? நெஞ்சு வலி? மூச்சு வாங்குகிறதா? கடைசியாக இடுப்பு.

இடுப்பைக் கடைசியாகச் சொன்னாலும் அதுதான் இதில் முக்கியமானது. வயதாக ஆக எலும்பில் சத்து குறைந்து மெலிந்துவிடுகிறது. நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாலே தொடை எலும்பின் மேல் கழுத்துப் பகுதி முறியலாம். இதை வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்க முடியும். இரண்டு பாதங்களையும் பாருங்கள். அடிபட்ட கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். தொடை இடுக்கில் வலி என்பார், சில சமயம் முழங்கால் வலி என்பார், காலைத் தூக்கச் சொன்னால் முடியாது. இப்படி இருந்தால் உட்கார வைக்க வேண்டாம், நிற்க வைத்துப் பார்க்க வேண்டாம், காலை நேராக இழுத்துவிட வேண்டாம். தலையணை, சுருட்டிய போர்வைகளைக் காலின் இருபுறமும் அணைத்து வைத்து, கால் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆடாமல் பார்த்துக்கொண்டு 108க்காகக் காத்திருங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இன்னொரு வகையும் உண்டு. முறிந்த எலும்பின் இரு முனைகளும் ஒன்றுக்குள் ஒன்று குத்தி நின்றுவிட்டால், வலியோடு நாலு எட்டு நடக்கக்கூட முடியும். "நடந்துட்டாங்களே, எலும்புக்கு ஒண்ணும் இல்லை" என்று விட்டுவிடுவார்கள். பிறகு அது விலகிவிடலாம். விழுந்த பிறகு இடுப்பு வலி நீடித்தால் நடக்க முடிந்தாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

இந்த முறிவுக்கு மேலே கட்டுப் போட்டு மூங்கில் தப்பை வைப்பதால் பலன் இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்வேன். முறிந்த இடம் இடுப்புச் சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது, வெளிக்கட்டு அதை எட்டவே எட்டாது. பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சைதான் வழி, அதையும் ஓரிரு நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்றுதான் எலும்பு மருத்துவர்கள் பார்ப்பார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் படுக்கைப்புண், சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று ஆபத்து ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் போட்டு நீவிப் பார்ப்பதிலும், கட்டுப் போடும் இடத்துக்கு அலைவதிலும் அந்த நாட்கள் போய்விடக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று தோன்றினால் ஆஸ்பத்திரியில் சொல்லும் வரை சாப்பாடும் கொடுக்காமல் இருப்பது நல்லது, மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறு வேண்டும்.

தலையில் அடி என்றால், வெளியில் வீக்கம்கூட இல்லாமல் உள்ளே ரத்தம் கசியலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள் பலர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவற்றில் ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்கள் தலையில் இடித்துக்கொண்டால் நன்றாகப் பேசினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட வேண்டும். மற்றவர்களுக்கும் வாந்தி, விடாத தலைவலி, தூங்கித் தூங்கி விழுவது, பேச்சில் குழப்பம், ஒரு பக்கக் கை கால் தளர்வது என்று எது வந்தாலும் அதேதான்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, வாய் குழறுவது இருந்தால் விழுந்ததால் பக்கவாதம் வந்தது என்று எண்ண வேண்டாம், பக்கவாதம் வந்ததாலேயே விழுந்திருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

நம் மாவட்டங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. ஜப்பான் நிதியுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013ல்தான் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஆயுளில் பெரும்பகுதியைக் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கழித்தவர்கள்தான் இன்றைய ஆயாக்களும் தாத்தாக்களும். பழுப்பேறிய பல்லை மட்டும்தான் நாம் கவனிக்கிறோம். பாதிப்பு முற்றியவர்களுக்குக் கழுத்தும் முதுகும் இறுகி, கூன் விழுந்து, முழங்கால் மடங்காமல் போயிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டியாகத் தெரிந்தாலும் எளிதில் முறியும். இப்படிப்பட்டவர் விழுந்தால் மல்லாந்து நேராகப் படுக்க வைக்கிறேன் என்று முதுகை அழுத்தாதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள். அவருடைய கூன் எப்படியோ அப்படியே விட்டு, இடைவெளியில் மடித்த துணிகளை வைத்துத் தாங்குங்கள். 108ல் வருகிறவரிடமும் "கழுத்து முன்னாடியே திரும்பாது" என்று சொல்லிவிடுங்கள்.

வண்டி வர வழியில்லாத மலைக்கிராமங்களில் தூளி கட்டித் தூக்கி வருவது வழக்கம். காய்ச்சல்காரருக்கும் பிரசவத்துக்கும் அது சரி. இடுப்போ முதுகோ அடிபட்டவரைத் தூளியில் போட்டால் உடம்பு வில்லாக வளைந்துவிடும். கதவுப் பலகை அல்லது ஏணியின் மேல் பாயும் போர்வையும் விரித்து, நெஞ்சு, இடுப்பு, கால் மூன்று இடத்திலும் துணியால் கட்டி, நாலு பேர் ஒரே சீராக எடுத்து வருவது மேல். பைக்கில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எழுந்திருக்க உதவுவது

எங்கும் பெரிய வலி இல்லை, தலையில் படவில்லை, கை கால் எல்லாம் அசைகிறது, அவரே எழுந்திருக்க நினைக்கிறார். சரி, இப்போது எழலாம். இங்கே நீங்கள் தூக்கப் போவதில்லை. எழுவது அவர், வழி சொல்வதும் பக்கத்தில் இருப்பதும் நீங்கள்.

முதலில் ஒரு நல்ல நாற்காலி வேண்டும். எல்லா வீட்டிலும் இருக்கிற பிளாஸ்டிக் சேர் இதற்கு ஆகாது. ஒரு பக்கமாக எடையைப் போட்டு அழுத்தினால் அதன் கால் விரியும், டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போகும், இரண்டாவது முறை விழ அதுவே காரணமாகிவிடும். கனமான மரச்சேர், இரும்புச் சேர், இல்லையென்றால் மரக்கட்டில், திண்ணையின் ஓரம் என்று அசையாத எதுவும் சரி. சேரைச் சுவரில் முட்டுக் கொடுத்து அவர் தலைப்பக்கத்தில் வையுங்கள்.

அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மேல்பக்கத்துக் கையைத் தரையில் ஊன்றி, கீழ்ப்பக்கத்து முழங்கையில் எழட்டும். அங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். சுற்றினால் திரும்பப் படுத்துவிடலாம், எந்த நஷ்டமும் இல்லை. சரியாக இருந்தால் குழந்தை தவழ்வது போல இரண்டு கையும் இரண்டு முழங்காலும் தரையில் ஊன்றி வரட்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அடியில் தலையணையோ நாலாக மடித்த போர்வையோ போடுங்கள், வெறும் சிமெண்ட் தரையில் முட்டி போடுவது அவர்களுக்குப் பெரிய வேதனை. அப்படியே சேர் வரை நகர்ந்து, இரண்டு உள்ளங்கையும் சேரின் இருக்கையில் வைக்கட்டும். அடுத்து, எந்தக் கால் பலமாக இருக்கிறதோ அந்தப் பாதத்தை முன்னால் எடுத்துத் தரையில் முழுதாகப் பதிய வைக்க வேண்டும். கையையும் அந்தக் காலையும் அழுத்தி இடுப்பைத் தூக்கும்போது, வீட்டில் இன்னொருவர் இருந்தால் பின்னாலிருந்து இரண்டாவது சேரை இடுப்புக்குக் கீழே நகர்த்தி வைக்கலாம். இல்லையென்றால் மெதுவாகத் திரும்பி அதே சேரில் உட்காரலாம். சேலைக் கொசுவமோ வேட்டி நுனியோ காலடியில் மாட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அவர் தடுமாறினால் இடுப்பிலும் முதுகிலும் உங்கள் உள்ளங்கை லேசாக அணைவாக இருந்தால் போதும்.

முட்டி போடவே முடியாதவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. உட்கார்ந்த நிலையில், கைகளைப் பின்னால் ஊன்றி, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வாசல் படிக்கட்டு வரை வரட்டும். முதல் படியில் ஏறி உட்காரட்டும், மூச்சு வாங்கட்டும். பிறகு இரண்டாவது படி, அப்புறம் திண்ணை. உயரம் கூடக்கூடக் காலுக்கு வேலை குறையும். படி இல்லாத வீட்டில் உயரம் குறைந்த அகலமான மணைப்பலகை, அதற்குப் பிறகு கெட்டியான முக்காலி என்று இரண்டு கட்டமாக ஏற்றலாம்.

இரண்டு முறை முயன்றும் முடியவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். தலைக்கு ஒரு தலையணை வைத்து, போர்த்திவிட்டு, 108ஐக் கூப்பிடுங்கள். எழ முடியாததே ஏதோ அடிபட்டிருப்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். பெங்களூரிலிருந்து போனில் பேசும் மகன் "எப்படியாவது தூக்கிக் கட்டில்ல போடுங்க" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். வீடியோ காலில் அவரிடம் பாதத்தையும் முகத்தையும் காட்டுங்கள், அம்மாவோடு பேச வையுங்கள், அதுவே அவருக்கும் அம்மாவுக்கும் தெம்பு கொடுக்கும்.

எழுந்த பிறகு

உட்கார்ந்தவுடன் நடக்கவிடாதீர்கள். சில நிமிடம் இருக்கட்டும். பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் உட்கார்ந்தபடி ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால், எழும்போது ரத்தம் தலைக்குப் போதுமான அளவு ஏறவில்லை என்று அர்த்தம். விழுந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நம் ஊரில் இதை நான் அடிக்கடி பார்ப்பது புளி தட்டும் காலத்தில். கொட்டை எடுக்க மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து, தண்ணீரும் குடிக்காமல் வேலை பார்த்துவிட்டு, மழைத்தூறல் விழுகிறதே என்று சட்டென எழுவார்கள், அப்படியே கண் இருட்டிச் சாய்வார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், டாக்டரிடம் அந்த இரண்டு அளவையும் காட்டுங்கள்.

சர்க்கரைக்காரர் என்றால் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், நல்ல நினைவோடு இருக்கிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும்.

அன்று இரவு தனியாக விடாதீர்கள். தலையில் லேசாக இடித்திருந்தால் அடுத்த சில வாரங்களுக்கும் கவனம் வேண்டும். மூளைக்கு மேலே மெல்ல மெல்ல ரத்தம் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் தெரியவருவது வயதானவர்களில் உண்டு. நடை தள்ளாடும், மறதி கூடும், எந்நேரமும் தூக்கமாக இருப்பார், பேச்சு மாறும். வீட்டில் "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று விட்டுவிடுவார்கள். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். அதற்கு, இவர் மூன்று வாரம் முன்னால் விழுந்தார் என்று யாராவது டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். மறைத்து வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பொத்தென்று உட்கார்ந்த மாதிரி விழுந்தவர்களுக்கு முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். நடு முதுகில் புது வலி, இருமினால் கூடும் வலி இருந்தால் எக்ஸ்ரே தேவை. காயம் மண்ணிலோ மாட்டுக்கொட்டகையிலோ பட்டிருந்தால் டிடி ஊசி பற்றிக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், ஆதாரையும் காப்பீட்டு அட்டையையும் சேர்த்து. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

தனியாக இருக்கும்போது விழுந்தால்

நெடுநேரம் தரையில் கிடப்பதே தனியாக ஒரு ஆபத்து. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அழுந்திக் கிடக்கும் சதை நசுங்கத் தொடங்கும், அதிலிருந்து வெளியாகும் பொருள்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மார்கழி, தை மாதங்களில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துச் சிமெண்ட் தரையின் குளிர் உடம்புச் சூட்டையே இறக்கிவிடும். ஆகையால் எத்தனை மணியிலிருந்து கிடந்தார் என்பதைக் கேட்டு, நெடுநேரம் என்றால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். விழுந்து எழ முடியாவிட்டால் பயந்து முட்டி மோதி களைத்துப் போக வேண்டாம். பக்கம் மாற்றி மாற்றிப் படுக்கலாம், கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருக்கலாம், கைக்கு எட்டும் சேலை, சாக்கு எதையாவது இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். கத்துவதைவிடத் தட்டும் சத்தம் தூரம் போகும், சொம்பால் தரையில் தட்டலாம். பட்டன் போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது மிக நல்ல பழக்கம். அலமாரி மேல் சார்ஜில் கிடக்கும் போன் தரையில் கிடப்பவருக்குப் பயன்படாது. குளியலறையை உள்ளே தாழ்ப்பாள் போடாமல், ஆள் இருப்பதற்கு அடையாளமாகக் கதவில் ஒரு துண்டைப் போடச் சொல்லுங்கள். ஒரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். காலை காபி நேரத்தில் ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை யாராவது எட்டிப் பார்ப்பது என்று தெருவிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

108க்குப் பேசும்போது ஊர்ப் பெயரோடு பஞ்சாயத்து, வட்டம், கிட்டத்தில் உள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ தண்ணீர்த் தொட்டியோ சேர்த்துச் சொல்லுங்கள், ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிற்க வையுங்கள். ஆதரவில்லாத முதியவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது, ஆலோசனை கேட்கலாம்.

மறுபடி விழாமல் இருக்க என்ன செய்வது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் விழுந்த இடத்தை அன்றைக்கே போய்ப் பாருங்கள். கிரானைட் இங்கே சுலபமாகக் கிடைப்பதால் பளபளப்பான கல்லைக் குளியலறை வரை பதித்துவிடுகிறோம், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். சொரசொரப்பான டைல்ஸ் மாற்ற முடியாவிட்டால் ரப்பர் பாயாவது போட வேண்டும், சுவரில் கைப்பிடி வைக்க வேண்டும். துணி துவைக்கும் கல் பக்கம் பாசி, நிலைவாசலில் இருட்டு, தேய்ந்த செருப்பு, பார்க்காமல் விட்ட கண்புரை என்று காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். கேழ்வரகுக் களியை விட்டுவிடாதீர்கள், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

விழுந்தவருக்கு எலும்பு கூடிவிடும், பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. வாசலுக்கே வராமல் கட்டிலோடு இருந்துவிடுவார்கள், நடக்காத காலில் சதை வற்றும், அடுத்த முறை விழுவதற்கு அதுவே வழி செய்யும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலரிடம், விழுந்த விஷயத்தைச் சொல்லி பிசியோதெரபிஸ்டை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர் வந்ததும் காலுக்கான பயிற்சியோடு, தரையிலிருந்து எழும் முறையையும் ஒரு பாய் விரித்து, வீட்டில் இருக்கிற எல்லோரும் பார்க்கும்படி செய்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவையும் அன்றைக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.